கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்

உணவியல் நிபுணர் ஜோசலின் கோ
'கொஞ்சம்' என்ற சொல்லை ஏற்பதில்லை.
சாம்பார் கொஞ்சம், தயிர் கொஞ்சம்,
பூண்டு ரொம்பக் கொஞ்சம் என்று
நான் அடுக்க அடுக்க
பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:
கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்?

பிறகு மேசைமேல் ஏழு படங்களைப் பரப்பினாள்.
மலத்தின் ஏழு வடிவங்கள்.
இதில் உங்களுடையது எது?
நாற்பத்து மூன்று வயதில்
முன்பின் தெரியாத பெண்ணிடம்
ஆறு என்றேன்.
வேலை நாளில் ஏழு.

வேலை, பேருந்து ஓட்டுவது.
இரட்டை மாடி.
உட்லண்ட்ஸில் எடுத்தால் அடுத்த முனையம் வர
அறுபத்தெட்டு நிமிடம்.
நூற்றிருபது பேர் உயிர் என் காலடியில்,
என் உயிர் அடிவயிற்றில்.
வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு
ஓடிய ஒருநாளை
ஓய்வறையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
ஹஃபீஸ் மட்டும் சிரிக்கவில்லை.
அவனுக்கும் ஏதோ இருக்கிறது. கேட்டதில்லை.

குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
உள்ளே ஒன்றுமில்லை என்றார் டாக்டர்,
நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு.
எரிச்சல் குடல் என்று எழுதிக் கொடுத்தார்.
பெயர் குடலுக்கு, எரிச்சல் எனக்கு.

ஆறு வாரம்.
வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது,
கோதுமை, பருப்பு, பசும்பால், மாம்பழம்
எதுவும் கூடாது.
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால்
அதற்குள்ளும் கோதுமை மாவு ஒளிந்திருக்கிறது.
வெங்காயத்தாளில் பச்சை மட்டும் ஆகுமாம்,
வெள்ளை தொடங்குமுன் கத்தி நின்றுவிட வேண்டும்.
பூண்டை எண்ணெயில் பொரித்து
வாசத்தை வாங்கிக்கொண்டு
பல்லை எறிந்துவிட வேண்டும்.
எறிய மனம் வராமல்
மாணிக்கவேல் அதைத் தின்றார்,
கணவர் என்ற முறையில்.

மாலை ஆறரைக்குப்
பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கும்.
பத்தாவது மாடி நடைவழி முழுக்க அதுதான்.
கதவைச் சாத்திக்கொள்வேன்.
கொஞ்ச நேரத்தில் திறந்தும் வைப்பேன்.
உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பார்கள் வெங்காயத்தை.
என் குடலைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

நோட்டில் இப்படி இருக்கிறது:
வியாழன், காலை 4.10.
அரிசிப் புட்டு, ஒரு முட்டை.
வலி இல்லை. படம் நான்கு.
நான்கு என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்,
பரீட்சை பாஸானவள் மாதிரி.

ஏழாவது வாரம், விடுப்பு நாள்.
தராசில் ஒரு சின்ன வெங்காயம். ஐந்து கிராம்.
நல்லெண்ணெயில் வதக்கித் தின்றுவிட்டு
சிவப்பு விளக்கில் நிற்பதுபோல்
சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மணி நேரம்.
இரண்டு.
மழை பெய்து விட்டுவிட்டது.
துணி எடுக்க மறந்திருந்தேன். அவ்வளவுதான் சேதம்.
மறுநாள் பத்து கிராம். சத்தமில்லை.
மூன்றாம் நாள் இருபது.
இரவு இரண்டரைக்குக் குடல் எழுந்து
பழைய குரலில் பேசியது.

ஆக, இரண்டு சின்ன வெங்காயம்.
அதுவரை எனக்குச் சொந்தம்.
ஜோசலினுக்குச் செய்தி அனுப்பினேன்.
கைதட்டும் பொம்மை ஒன்று வந்தது,
கூடவே: அடுத்த வாரம் பருப்பு.

சிராங்கூன் சாலைக் கல்யாண விருந்தில்
கொஞ்சம் போட்டுக்கோயேன் என்று
சாம்பார் வாளியோடு ஒருவர் குனிந்தார்.
எத்தனை கிராம் என்று
வாய்வரை வந்துவிட்டது.

நேற்று கடைசி வண்டி.
மார்சிலிங் பக்கம் ஒரு பையன் ஏறினான்.
குளிர்சாதனத்திலும் நெற்றி வியர்த்திருந்தது.
இருக்கையெல்லாம் காலி, உட்காரவில்லை.
ஒரு கை கம்பியில், ஒரு கை பெல்ட்டில்,
முட்டி இரண்டும் ஒட்டி.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

அவன் எதுவும் கேட்கவில்லை.
சாலையைப் பார்த்தபடியே சொன்னேன்:
அடுத்த நிறுத்தத்தில் இறங்கு.
காப்பிக் கடை, தண்ணிக் கடைக்குப் பின்னால்.
இந்நேரத்திலும் பூட்டமாட்டார்கள்.
இருபது காசு கேட்பார்கள், இருக்கிறதா?

இல்லை என்று தலையாட்டினான்.
சட்டைப் பையில் கைவிட்டேன்.
அதற்கென்றே
தனியாக வைத்திருப்பேன்.